சாவிக்காரியின் முகம்

தெருவில் அவருக்குப் படக்காரர் என்று பெயர். மின்கட்டணச் சீட்டில் வேறொரு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். முப்பது வருடமாகக் கதைப் புத்தகங்களுக்குப் படம் வரைகிறார், அதிலும் முக்கால்வாசி துப்பறியும் கதைகள். மூன்றாவது மாடியில் இரண்டு அறையும் ஒரு சமையலறையும் கொண்ட வீடு. முன்னறை ஜன்னலோரம் சாய்வு மேசை, மைப்புட்டி, கழுவாத பேனா முட்கள், தேநீர் என்று நினைத்து அவரே இரண்டு முறை குடித்துவிட்ட தூரிகைத் தண்ணீர் டம்ளர்.

உயிரோடு இருக்கிறவர்களை அவர் பார்க்காமலே வரைவார். மழைக்கோட்டுப் போட்ட துப்பறிவாளர், வழுக்கைத்தலை வக்கீல், பொய் சொல்கிற மருமகன், யாரைக் கேட்டாலும் பத்து நிமிடத்தில் காகிதத்தில் நிற்பார்கள். செத்தவர்களை வரையத்தான் அவருக்கு வராது. விழுந்து கிடக்கிற உடம்பு எங்கே மடங்கும், விரல்கள் எப்படி விரியும் என்பதெல்லாம் கண்முன்னே ஆள் கிடந்தால்தான் அவருக்குப் பிடிபடும். வீட்டில் வேறு ஆள் இல்லை. ஆகவே கல்யாணமான மூன்றாம் மாதமே மனைவி முதல் கொலைக்கு ஆளானாள்.

அதன் பிறகு அறுபத்து மூன்று தடவை செத்திருக்கிறாள். கணக்கு அவளுடையது. கத்தியால், கயிற்றால், விஷத்தால், ஒருமுறை யானைத் தந்தத்தால். முன்னறைத் தரையில் கையை விரித்துக் கிடப்பாள். குக்கர் மூன்றாவது விசில் அடித்தால், "இருங்க, அடுப்பை அணைச்சிட்டு வந்து சாகறேன்" என்று எழுந்து போவாள். ஒருமுறை எரிவாயு உருளை கொண்டுவந்தவர் திறந்திருந்த கதவு வழியாக அவள் முதுகில் நின்ற கத்தியைப் பார்த்துவிட்டு உருளையைப் படியில் உருட்டிவிட்டு ஓடினார். மெழுகில் செருகிய கத்திதான், ஆனால் அதற்குள் தெருவே கூடிவிட்டது. செத்தவளே எழுந்து வந்து எல்லோருக்கும் சமாதானம் சொல்ல வேண்டியதாயிற்று.

இத்தனைக்கும் அந்தக் கதைகளின் மீது பைத்தியமாக இருந்தது அவள்தான். படக்காரர் ஒன்றையும் முழுசாகப் படித்ததில்லை. பதிப்பகத்திலிருந்து துண்டுச் சீட்டுகள் வரும்: "பதினான்காம் பக்கம். மாடிப்படி. கீழே பெண் கிடக்கிறாள். மேலே விளக்கு வெளிச்சம்." அவருக்கு அது போதும். கதையைப் படித்துவிட்டு வரைந்தால் கை பயப்படும் என்பது அவர் சொல்லிக்கொண்ட நியாயம். சோம்பேறித்தனம் என்பது அவள் சொன்னது.

படிப்பதில் அவளுக்குச் சில சட்டங்கள் உண்டு. முடிவை யாரும் வாய் திறந்து சொல்லக் கூடாது. முன்கூட்டிப் புரட்டக் கூடாது. படம் போட்ட புத்தகமென்றால் படிக்காத பக்கங்களைச் சேர்த்து ஒரு ரப்பர் பேண்டு போட்டுவிடுவாள், தவறிக்கூட அடுத்த படம் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று. அவளுடைய தங்கை, இரண்டு தெரு தள்ளி இருக்கிற சின்னவள், இதற்கு நேர் எதிர். எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் புரட்டுவாள். கொலைகாரன் யாரென்று தெரிந்தால்தான் நிம்மதியாகப் படிக்க முடியும் என்பாள். இதை வைத்து அக்காவும் தங்கையும் போட்ட சண்டை சொல்லி மாளாது. "நீ சாப்பிடறதுக்கு முன்னாடியே கை கழுவறவ" என்பாள் பெரியவள். "எல்லாரும் அப்படித்தானே கழுவறோம்?" என்று சின்னவள் முழிப்பாள். உவமை தப்பிப் போனதை ஒப்புக்கொள்ளாமல் பெரியவள் சமையலறைக்குள் போய்விடுவாள்.

அவளுக்குப் பிடித்த பழைய எழுத்தாளர் ஒருவர் உண்டு. எப்போதோ செத்துப்போனவர், பதினோரு நாவல் எழுதியவர். பத்தை அவள் திரும்பத் திரும்பப் படித்திருந்தாள். பதினோராவதை மட்டும் தொடவில்லை. துறைமுகத்து விடுதி ஒன்றில் நடக்கிற கொலை. எல்லாவற்றிலும் அதுதான் உசத்தி என்று எல்லோரும் சொல்வார்கள். அதைப் படித்துவிட்டால் அப்புறம் ஒன்றும் மிச்சமிருக்காதே என்று தள்ளித் தள்ளி வைத்திருந்தாள். பழம் பதிப்பு கிடைக்காமல் போனபோதுகூட அவளுக்குச் சந்தோஷம்தான்.

போன வருடம் அவளுக்கு மூச்சு முட்ட ஆரம்பித்தது. முதலில் மாடிப்படியில். பிறகு குளியலறைக்குப் போய்வந்தால். பிறகு பேசினால். நுரையீரல் காய்ந்துகொண்டே போகிறது, திரும்பாது, இருக்கிற வரைக்கும் சௌகரியமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர் படக்காரரை மட்டும் தனியாக அழைத்துச் சொன்னார். திரும்பி வந்தவரின் முகத்தைப் பார்த்தே அவள் தெரிந்துகொண்டாள். அறுபத்து மூன்று கொலைகளைப் பார்த்தவளிடம் எதை ஒளிப்பது? முன்னறையில் ஜன்னலை ஒட்டிக் கட்டில் வந்தது. பக்கத்தில் ஆக்சிஜன் இயந்திரம் வாடகைக்கு வந்து நின்றுகொண்டு பகலெல்லாம் உறுமியது.

அந்த வாரம்தான் பதிப்பகத்திலிருந்து ஆள் வந்தது. அதே பதினோராவது நாவல், படங்களுடன் புதிய மலிவுப் பதிப்பு, மெல்லிய அட்டை, இருநூற்று நான்கு பக்கம், பதினாறு படம். சீட்டுகளை வாங்கிக்கொண்டு படக்காரர் உள்ளே வந்து, என்ன புத்தகம் என்று சொன்னார். அவள் கொஞ்ச நேரம் இயந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, இனிமேல் தள்ளி வைக்க வேண்டாம், நீங்க வரையற பதிப்புலயே படிச்சிடறேன் என்றாள். அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

"ஒண்ணு கேக்கணும்" என்றாள். "இத்தனை புத்தகத்துலயும் என்னைப் பொணமாவே போட்டாச்சு. இந்த ஒண்ணுலயாவது உயிரோட போடுங்க."

படக்காரர் சரி என்றார். கதையில் யாராக என்று அவளும் கேட்கவில்லை, கேட்டால் சட்டம் கெட்டுவிடும். நாற்காலியில் தலையணை வைத்து உட்கார வைத்தார். மூக்குக் குழாயைப் பதினைந்து நிமிடம் கழற்றலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அந்தப் பதினைந்து நிமிடம் அவள் முதுகை நிமிர்த்தி, கையை மடியில் கோத்து, நேராக அவரைப் பார்த்தாள். மூன்று நாள், மூன்று பதினைந்து நிமிடங்கள். முப்பது வருடத்தில் அவர் அவள் முகத்தை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் கவிழ்ந்த முதுகும் சரிந்த கையும்தான். இடது புருவத்தில் ஒரு சின்ன வெட்டு இருப்பதையே அப்போதுதான் கண்டார். எப்போ பட்டது என்று கேட்டதற்கு, பன்னிரண்டு வயசுல என்றாள்.

சீட்டுகளில் பெண்கள் இரண்டே பேர். ஒருத்தி செத்துக் கிடக்கிற விடுதிக்காரி. இன்னொருத்தி சாவிக்காரி, விடுதியின் சாவிக்கொத்தை வைத்திருப்பவள், ஐந்து படத்தில் வருகிறாள். கதவு திறக்கிறாள், விளக்கு கொண்டுவருகிறாள், கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்து துப்பறிவாளரைப் பார்க்கிறாள். படக்காரருக்கு அதற்குமேல் எதுவும் தெரியாது. பிணத்தைத் தன்னுடைய கை காலையே கண்ணாடியில் பார்த்துச் சமாளித்தார். சாவிக்காரிக்கு மனைவியின் முகத்தை வைத்தார். ஐந்து படத்திலும் வைத்தார். விளக்கைத் தூக்கிக்கொண்டு வருகிற படத்தில் அந்த வெளிச்சம் முழுவதும் அவள் முகத்தில்தான் விழுந்தது, துப்பறிவாளர் பாவம் இருட்டில் நின்றார். புருவ வெட்டைக்கூட விடவில்லை. அவர் வாழ்க்கையில் வரைந்தவற்றில் அவைதான் நல்ல படங்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பதிப்பகத்து ஆசிரியருக்குக் கத்தரி என்று பட்டப்பெயர். எழுத்தாளர்கள் வைத்தது. அவர் பதினாறு படத்தையும் மேசையில் பரப்பி, வரிசையாகப் பார்த்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்தார்.

"கதையைப் படிச்சீங்களா?" என்றார்.

சீட்டைப் படித்தேன் என்றார் படக்காரர்.

கத்தரி தலையில் கை வைத்துக்கொண்டார். கொலை செய்தவளே அந்தச் சாவிக்காரிதான். நூற்று எண்பத்தெட்டுப் பக்கம் வரைக்கும் அவளை யாரும் கவனிக்கக் கூடாது, அதுதான் நாவலின் உயிரே. கதவு திறக்கிறாள், போகிறாள், அவ்வளவுதான். நீங்கள் என்னடாவென்றால் முதல் படத்திலேயே கோயில் சிலை மாதிரி கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறீர்கள், கடையில் புரட்டுகிறவன் கூடக் கண்டுபிடித்துவிடுவான் என்றார். அவள் வருகிற முதல் நாலு படத்தில் முகம் தெரியக் கூடாது. கதவுக்குப் பின்னால் நிற்கட்டும், குனிந்திருக்கட்டும், யாருடைய தோளாவது மறைக்கட்டும். கடைசிப் படம், நூற்று எண்பத்தொன்பதாம் பக்கம், அது மட்டும் இப்படியே இருக்கட்டும்.

படக்காரர் முடியாது என்றார். அவர் அப்படிச் சொன்னதே இல்லை. கத்தரிக்கே ஆச்சரியம். இந்த முகத்தில் அப்படி என்ன என்று கேட்டார், படக்காரர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த மனிதர் ஏதாவது வழி பார்த்திருப்பார், கல் நெஞ்சக்காரர் இல்லை. ஆனால் வீட்டுக் கஷ்டத்தை வெளியில் சொல்லி வேலையில் சலுகை கேட்பது படக்காரருக்குத் தொண்டையில் சிக்குகிற விஷயம்.

"எல்லாரும் படிச்ச கதைதான், ஒத்துக்கறேன்" என்றார் கத்தரி. "ஆனா இதைப் படிக்காம பத்திரமா வெச்சிருக்கற வாசகர் எங்கயாவது ஒருத்தர் இருப்பாங்க இல்லையா? அவங்களுக்காகப் பாருங்க."

படக்காரர் படங்களை எடுத்து உறையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். எங்கயாவது இல்லை, அவருடைய முன்னறையிலேயே இருந்தாள் அந்த வாசகி. வாழ்நாளெல்லாம் தள்ளி வைத்த ஒரு புத்தகத்தைக் கடைசியாகப் படிக்கப் போகிறவளுக்கு முதல் படத்திலேயே முடிவைச் சொல்லிவிடலாமா? இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் அவள் தூங்கிய பிற்பகலில் நாலு படத்தையும் புதிதாக வரைந்தார். சாவிக்காரி கதவிடுக்கில் ஒரு கையானாள், கதையில் வருகிற மருத்துவரின் தோளுக்குப் பின்னால் ஒரு கொண்டையானாள், விளக்கு வெளிச்சத்துக்கு வெளியே ஒரு நிழலானாள். அவளை மட்டும் மறைத்தால் சந்தேகம் வருமென்று இன்னும் மூன்று பேரையும் முதுகு காட்ட வைத்தார். தொழில் தெரிந்தவர். நூற்று எண்பத்தொன்பதாம் பக்கத்தில் முகம் அப்படியே இருந்தது. அதுவரைக்கும் படித்துவிட்டால் போதும், இரண்டு சந்தோஷமும் ஒன்றாகக் கிடைக்கும் என்று கணக்குப் போட்டார்.

புத்தகம் வர இரண்டு மாதமாயிற்று. அதற்குள் அவள் பாதியாகியிருந்தாள். அட்டையைத் தடவினாள், முகர்ந்தாள், முதல் அத்தியாயத்தை மட்டும் பிரித்து மிச்சத்துக்கு ரப்பர் பேண்டு போட்டாள். முதல் இரண்டு நாள் பதினைந்து பதினைந்து பக்கம் படித்தாள். பதினான்காம் பக்கத்தில் மாடிப்படியும் பிணமும் வந்தன. உற்றுப் பார்த்துவிட்டுச் சிரித்தாள், சிரிப்பு இருமலாகி அடங்கப் பத்து நிமிடம் ஆயிற்று. இந்தப் பொம்பளைக்கு உங்க முழங்கால் என்றாள். தான் பிணமாக இல்லை என்பதில் அவளுக்கு அத்தனை திருப்தி.

அதற்குப் பிறகு ஒவ்வொரு படமாகத் தன்னைத் தேடினாள். படம் வருகிற பக்கத்தில் விரல் நின்றுவிடும். கதவிடுக்குக் கையைப் பார்ப்பாள், கூட்டத்தில் நிற்கிறவர்களைப் பார்ப்பாள், ஜன்னலுக்கு வெளியே தெருவில் போகிற ஆட்களைக்கூடப் பார்ப்பாள். சாய்வு மேசையில் உட்கார்ந்தபடி படக்காரர் இதையெல்லாம் ஓரக்கண்ணால் கவனித்துக்கொண்டிருப்பார். பதினைந்து பக்கம் எட்டாயிற்று. எட்டு ஐந்தாயிற்று. எழுத்து கலங்குகிறது என்றபோது அவர் வாசிக்க ஆரம்பித்தார். சீக்கிரம் போய்ச் சேர வேண்டுமென்று ஒருநாள் நடுவில் ஒரு பத்தியைத் தாவினார். "மழை நின்னுதா இல்லையான்னு சொல்லவே இல்லையே" என்றாள் கண்ணை மூடியபடியே. அவர் திரும்பிப் போய் மழையை வாசித்தார்.

நூற்று ஐம்பதாம் பக்கம் தாண்டி ஒரு படம், விளக்கும் நிழலும். அதை வெகுநேரம் பார்த்தாள்.

"செத்தவளும் நான் இல்ல. உயிரோட இருக்கறவங்கள்லயும் நான் இல்ல" என்றாள். "அப்ப நான் எங்கங்க?"

"வருவே. பொறு."

"சொல்லிடாதீங்க" என்று அவசரமாகக் கையை உயர்த்தினாள்.

அதற்கு அடுத்த படத்திலும் அவள் இல்லை. அன்றைக்கு அவள் புத்தகத்தை மூடச் சொன்னாள். அவருடைய கையைத் தடவிக்கொடுத்தபடி, பரவாயில்லை, கத்தரி வெட்டியிருப்பார், அவருக்கு அதுதானே வேலை, நீங்க வருத்தப்படாதீங்க என்று மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாள். செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கிடைத்தது படக்காரருக்கு. இல்லை, இருக்கிறாய், இன்னும் கொஞ்சம்தான் என்று வாய் வரைக்கும் வந்தது. சாவிக்காரியைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது. வாயை மூடிக்கொண்டார். இந்த மனிதரை உலுக்க வேண்டும் போல எனக்கு ஆத்திரம் வருகிறது. ஆனால் அவர் இடத்தில் நானும் இதைத்தான் செய்திருப்பேன் என்று தோன்றுகிறபோது ஆத்திரம் போய்விடுகிறது.

மறுநாள் இரண்டே பக்கம். நூற்று எழுபத்தொன்றோடு நின்றது. பிற்பகலில் அவள் உதடு நீலம் பாரித்துப்போய்த் தூங்கிக்கொண்டிருந்தாள். படக்காரர் கட்டிலோரம் உட்கார்ந்து புத்தகத்தை எடுத்தார். காட்டிவிடுவது என்று தீர்மானித்துவிட்டார். சட்டமாவது ஒன்றாவது. ரப்பர் பேண்டில் விரலைக் கொடுத்தார். அவள் கண் திறந்தது.

"என்ன பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல. பேண்டு நழுவுது, சரி பண்றேன்."

"நாளைக்குக் கொஞ்சம் கூடப் படிங்க" என்றாள். "யாருன்னு இன்னும் பிடிபடலை. நல்லா ஒளிச்சிருக்கான்."

அவள் கண்ணில் பழைய மினுக்கம் இருந்தது. அதைக் கெடுக்க அவருக்கு மனம் வரவில்லை. பேண்டைச் சரியாக இழுத்துவிட்டுப் புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்தார். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவர் கஞ்சி ஆற்றிக்கொண்டு வந்தபோது இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. அவள் மூச்சு நின்றிருந்தது. கை பக்கவாட்டில் சரிந்து, விரல்கள் லேசாக விரிந்திருந்தன. அவருக்கு வரைந்து வரைந்து பழகிய கைதான். ஆனால் இப்போது குக்கர் விசிலடித்தாலும் எழுந்திருக்க மாட்டாள் என்பது புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைக்காமல் நின்றுகொண்டே இருந்தார்.

நாலு நாள் கழித்துச் சின்னவள் மருந்துகளை ஒதுக்கிவைக்க வந்தாள். ஆக்சிஜன் இயந்திரத்தை எடுத்துப் போக ஆள் வந்து போயிற்று. வீட்டில் அந்த உறுமல் நின்றுபோயிருந்தது. மாத்திரை அட்டைகளைப் பையில் போட்டுக் கட்டிவிட்டுச் சின்னவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். தலைமாட்டில் இருந்த புத்தகம் கையில் பட்டது. ரப்பர் பேண்டை உருவினாள். எப்போதும்போலப் பின்னாலிருந்து புரட்டினாள். அவளுடைய வாழ்நாள் பழக்கம், இரண்டு நொடிகூட ஆகவில்லை.

"மாமா" என்றாள். "இது அக்கா."

படக்காரர் தலையை ஆட்டினார்.

படத்தில் அவள் முதுகை நிமிர்த்தி, கையை மடியில் கோத்து, மூக்கில் குழாய் இல்லாமல் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னவள் கட்டைவிரலால் அந்தப் புருவத்தைத் தொட்டாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, இதைப் பார்த்துவிட்டு அக்கா என்ன சொன்னாள் என்று கேட்டாள்.

"பார்க்கலை. இன்னும் பதினெட்டுப் பக்கம் இருந்துச்சு."

"நீங்க சொல்லலையா?"

படக்காரர் குனிந்து தரையில் கிடந்த ரப்பர் பேண்டை எடுத்தார். விரலில் மாட்டினார், கழற்றினார்.

"முடிவைச் சொன்னா அவளுக்குப் பிடிக்காதும்மா" என்றார்.